வீட்டில் இருக்கிறாரா?

"அந்தச் சட்டையைக் கழட்டாதீங்க!"

மருமகள் போட்ட சத்தத்தில், மேல் பொத்தானில் கை வைத்திருந்த அவள் கணவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"புதுசு ஒண்ணு பெட்டியில இருக்கே. அதைப் போட்டு அப்பாவை அனுப்பலாம்னு பார்த்தேன்."

"இதுவே இருக்கட்டும். அவரே தேய்ச்சு, அவரே போட்டுக்கிட்டது."

கூடத்தில் பெஞ்சின் மேல் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு, தினமும்போலச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்தான். அவள் தேநீர் கொண்டுவந்து "மாமா" என்றாள். இன்னொரு தடவையும் "மாமா" என்றாள். மூன்றாவது தடவை கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. மகராசன், யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் போய்ச் சேர்ந்தார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். தொந்தரவு கொடுக்கத்தான் அந்த மனிதர் இரண்டு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

பெரியாஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். வீட்டுக்கு யார் வந்தாலும் "எந்த மாடி?" என்றுதான் கேட்பார்; மாடியே இல்லாத வீடு அது. அவர் ஓய்வு பெற்ற மறு வருடம் அந்த லிஃப்ட் நாலாவது மாடியிலிருந்து விழுந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். அளவுக்கு மேல் ஆளை ஏற்றினான் என்று, அவருக்குப் பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பிரேக் பிடிக்கவில்லை என்று மாமா பதினோரு தடவை பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பதிவேடு இப்போது இருக்கும் இடம் தெரியவில்லை. சட்டசபையில் கூச்சல் கிளம்பி, விசாரிக்க ஒரு குழு போட்டார்கள்.

குழுவின் சம்மன் வந்தது. அதைச் சாட்சியின் கையில்தான் கொடுக்க வேண்டுமாம், அதுதான் விதி. தோளில் பையும் வளைந்த குடையுமாக முதல் தடவை சம்மன்காரர் வந்தபோது மாமா குளித்துக்கொண்டிருந்தார். "வீட்ல இருக்காராம்மா?" என்று கேட்டார் அவர். "ஊர்ல இல்லைங்க" என்றாள். இரண்டாவது தடவை, மதியத் தூக்கத்தில் மாமாவின் குறட்டை வாசல்வரை கேட்டது. கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ரேடியோவைக் கூட்டி வைத்தாள். மூன்றாவது தடவை தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினாள். முதல் இரண்டு தடவையும் அவர் அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் நிலைமை அவளுக்கு. கணவன் அதே ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக எலெக்ட்ரீஷியன். நிரந்தர உத்தரவு, மாமா பழுதென்று முறையிட்ட அதே மேலதிகாரியின் மேஜைமேல் இருந்தது. அப்பன் மேலதிகாரியைக் காட்டிக்கொடுத்தால் மகனுக்கு உத்தரவு வருமா? கணவனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

மாமா மட்டும் தினமும் கேட்பார். "எனக்கு ஏதாவது வந்துச்சாம்மா?"

"இல்லை மாமா."

நேற்று மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"யாரும் கூப்பிட்டு விடலைன்னா அவங்களுக்கு நான் வேண்டாம்னுதானே அர்த்தம்?"

"நீங்களே போய்ச் சொல்லிடலாமே மாமா" என்றாள், சும்மா ஒரு பேச்சுக்கு.

"அழையா விருந்தாளியாப் போய் நின்னா, வஞ்சம் வெச்சுப் பேசறான் கிழவன்னுடுவாங்க. உன் புருஷன் வேலைக்கும் உலை வெச்சுடுவாங்க. சம்மன்னு ஒண்ணு வந்துட்டா கதையே வேற. போகலைன்னா தூக்கிட்டுப் போவாங்க, எனக்கு வேற வழி இல்லைன்னு யார்கிட்டயும் சொல்லிக்கலாம். கேட்டாங்க, சொன்னேன். அப்பறம் யார் என்ன குத்தம் சொல்ல முடியும்? அந்தக் காகிதம்தாம்மா நம்ம வீட்டுக்குக் காவல்."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். நாளைக்குச் சம்மன்காரர் வந்தால் உள்ளே விட்டுவிடலாம், இதை ஏன் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கவேண்டும் என்று தோன்றியது. அடிப்பாவி, அந்த ஒரு நாளை அவள் எந்த நம்பிக்கையில் தள்ளிப்போட்டாள்?

இப்போது சட்டைப் பை புடைத்திருந்தது. கை விட்டுப் பார்த்தாள். நாலாக மடித்த தாள். குண்டு குண்டு எழுத்தில் பதினோரு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன பழுது, யாரிடம் சொன்னார் என்று இருந்தது. கடைசியில், "மறந்தால் பார்த்துக்கொள்ள" என்று தனக்குத்தானே எழுதியிருந்தார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. கூடியிருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். முன்னால் சம்மன்காரர், பின்னால் ஒரு போலீஸ்காரர். வாடகை நாற்காலிகளைப் பார்த்ததும் சம்மன்காரரின் நடை தளர்ந்துவிட்டது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"இன்னிக்குக் கடைசி விசாரணைம்மா. மூணு தடவை கிடைக்கலைன்னதும் கையோட கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு போட்டுட்டாங்க. வீட்ல... இருக்காராம்மா?"

"இருக்காரு" என்றாள். "உள்ளே வாங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பெஞ்சின் முன்னால் பையை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"மூணு தடவையும் இருந்தாருங்க. நான்தான் பொய் சொன்னேன். நீங்க வந்ததே அவருக்குத் தெரியாது."

கணவன் அவளையே பார்த்தான். "நீயா? என்னைக் கேட்டிருக்கலாமேடி" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவள் தாளைச் சம்மன்காரரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் கையில் வைத்தே படித்தார். படித்து முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நான் காகிதம் கொடுக்கற ஆள்தாம்மா. வாங்கிட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லை. அதுவும் இதை அவர் வாயால சொல்லியிருக்கணும். அவங்க குறுக்கே கேள்வி கேட்டிருக்கணும்."

"அப்ப என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்."

"உங்க பேர் உத்தரவுல இல்லையேம்மா. கூப்பிடாத ஆளை உள்ளே விடமாட்டாங்க."

ஜெயிலுக்குள்ளே இருக்கிறானே அந்த லிஃப்ட்காரன், அவனுக்காக இன்று அங்கே யார் பேசப்போகிறார்கள் என்று நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

சம்மன்காரர் அது ஓயும்வரை காத்திருந்தார். பிறகு உத்தரவின் பின்பக்கம், சாட்சி இறந்துவிட்டார் என்று எழுதி, பேனாவை அவளிடம் கொடுத்தார். "நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

போட்டாள். கீழே தன் பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதினாள்.

"இதை அவங்க கண்ணுல படற மாதிரி வைங்க. கேட்டாங்கன்னா, நான் வீட்லதான் இருப்பேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்ம்மா. கூப்பிடுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

மதியம் மாமாவை எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு காலியாயிற்று. வாடகை நாற்காலிக்காரன் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டும்போது மாமாவின் நாற்காலியையும் சேர்த்து அடுக்கியிருந்தான்.

"அது எங்களோடது" என்று வாங்கி, பழைய இடத்திலேயே வாசலைப் பார்க்கப் போட்டாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.