கழிக்காத உள்பெட்டி

த்ரேசியா ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் கிடந்தாள். மகன் ரோயி மஸ்கட்டிலிருந்து வந்து சேராமல் அடக்கம் கிடையாது. அதற்குள் அவள் புருஷன் பைலி மேஸ்திரி, சங்கனாச்சேரி மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு அறை கட்டிக்கொண்டிருந்தான்.

"வேற ஆளை வைக்கக்கூடாதா பைலி? இது நீ செய்யற வேலையா?" என்று கோயில் பாதிரி அச்சன்கூடச் சொல்லிப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கடைசி அறை கட்டினவன் சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும் கூலிக்கு ஆள் பிடிப்பானா? அவளுக்கென்று இனி அவன் செய்யக்கூடியது இது ஒன்றுதான். அதில் ஒரு பிசகு வரக்கூடாது. அழுகைதான் வரவில்லை. "கல்லோட கெடந்து மனசும் கல்லாப் போச்சு" என்று மச்சினி அவன் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். உண்மையிலேயே அவனுக்கு உள்ளே ஒன்றும் தோன்றவில்லை, பசிகூட.

கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடியில் எட்டடிக்கு நாலடி, அரையடி கனத்தில் ஒரு தட்டு: பதினாறு கன அடி. அதன் மேல் ஏழடிக்கு மூன்றடி, இரண்டடி உயரத்தில் ஒரு பெட்டி: நாற்பத்திரண்டு. கூட்டினால் ஐம்பத்தெட்டு. கான்கிரீட்டை வார்க்க வெளிப்பலகை, உள்பலகை எல்லாம் அவனே அடித்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால், மொத்தக் கான்கிரீட்டையும் ஒரே மூச்சில் கலக்கச் சொன்னான்.

சட்டி சட்டியாகக் கொட்டி, பலகைக்குள் விளிம்புவரை நிறைத்தாயிற்று. தரையில் இன்னும் ஒரு குவியல் கிடந்தது. கலவை போடும் குட்டப்பன், காலமெல்லாம் கூடவே இருக்கிறவன், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"என்ன மேஸ்திரி, பாதிக்குப் பாதி மிச்சம் கெடக்கு? பக்கத்துல எனக்கும் ஒண்ணு கட்டி வெச்சிருங்க. எப்படியும் வேண்டியதுதான்."

பைலி விரல் மடக்கினான். சுவரெல்லாம் அரையடி. நடுவில் உள்பெட்டி, ஆறடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். இருபத்துநாலு. குவியலைப் பார்த்தான். அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"உள்பெட்டியக் கழிக்கல" என்றான்.

"போங்க மேஸ்திரி! நேத்து வந்த பயலுக்குக்கூடத் தெரியும். உள்பலகை அடிச்சதே நீங்கதானே?"

"கை அடிச்சுது குட்டப்பா."

"அப்போ கணக்கு போட்டது யாரு, உங்க மாமனாரா?"

பைலி சிரிக்கவில்லை. ஈரப் பலகைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு வெறும் இடம்.

"எத்தனை அறை கட்டியிருக்கேன்! எல்லாத்துலயும் ஒருத்தர் உள்ள வரணும்னு நெனச்சுத்தான் கணக்கே தொடங்குவேன். இதுல யாரும் வரப்போறதில்லேன்னு நெனச்சிருக்கேன்டா. அவ வரப்போறதில்லேன்னு."

குட்டப்பன் தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். முதல் தூறல் விழுந்தது. பைலியின் முகம் கோணியது. ஆனால் எதுவும் வரவில்லை. குனிந்து மட்டக்கோலை எடுத்தான்.

"வாசல்ல இருந்து இங்க வர வழி சேறு. மிச்சத்தை அதுல பரப்பு. நாளைக்கு அவளைத் தூக்கிட்டு வரவங்க வழுக்கி விழக்கூடாது."