கோழிகள் கலந்துகொள்ளாத திறப்பு விழா

பதியுதீன் ஹாஜியார் தமது கோழிகளுக்கு விடுதலை கொடுக்கத் தீர்மானித்தபோது, அதற்கும் ஒரு பிரதம அதிதி தேவைப்பட்டார். எதையும் சும்மா திறக்கிற ஆள் இல்லை அவர். பள்ளிவாசல் தண்ணீர்த் தாங்கியையும் விளையாட்டுக் கழகத்தின் கரம் போர்டையும் நாடா வெட்டித்தான் திறந்துவைத்தார். சொந்தக் கடைக்கு வாங்கிய ஐஸ் பெட்டிக்கும் அதே மரியாதை கிடைத்தது.

நுரைச்சோலையில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அவருடைய பண்ணை. தகரக் கூரையின் கீழ் இரண்டு வரிசைக் கம்பிக் கூடுகள். ஒரு கூட்டுக்கு நாலு கோழி. ஒன்று திரும்ப வேண்டுமென்றால் மற்ற மூன்றும் சம்மதிக்க வேண்டும். தின்னும், முட்டை போடும், முட்டை சாய்ந்த கம்பியில் உருண்டு முன்னால் வரும். இதைப் பல வருடமாக மேடைகளில் 'நவீன முறை' என்று சொல்லிவந்தார். அவருடைய மனைவி அஸீஸாதான் தினமும் தீன் போட்டு முட்டை பொறுக்குகிறவள். “இதுகள மண்ணில இறக்கி விட்டா என்ன?” என்று அவள் கேட்ட நாளெல்லாம் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது.

கண்டக்குழியில் உல்லாசப் பயணிகளுக்கு லொட்ஜ் நடத்தும் மாக்கிறட் அதையே கேட்டபோது காது கேட்டது.

“வாறவங்க விசாரிக்கிறாங்க ஹாஜியார், முட்டை போட்ட கோழி மண்ணில நடந்துதா எண்டு. நடக்கிற கோழி எண்டா முட்டை எல்லாத்தையும் நான் எடுக்கிறன்.”

ஒரே கிழமையில் ஹாஜியாருக்குள் ஜீவகாருண்யம் பொங்கிவிட்டது. கம்பிக் கூடு கொடுமை என்பதைச் சிறுவயதிலேயே உணர்ந்தவராம். பண்ணைக்குப் பின்னால் வேலி அடித்தார். பிரதம அதிதியின் வாகனம் மணலில் புதையாமலிருக்கக் கேற்றிலிருந்து கூடுவரை கிரவல் பாதை போட்டார். கோழிகளுக்கென்று அவர் செய்த ஏற்பாடு வேலி மட்டும்தான்.

விழா நன்றாகவே நடந்தது. குர்ஆனிலிருந்து கிறாத் ஓதப்பட்டது. பிரதம அதிதியாகக் கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் வாயில்லாச் சீவன்களைப் பற்றி நீளமாகப் பேசினார். அவர் 'சுதந்திரம்' என்ற இடத்துக்கு வந்தபோது ஒரு முட்டை டொக்கென்று உருண்டு வந்தது. சபையில் பாதிப்பேர் அதைத்தான் பார்த்தார்கள். பிறகு நாடா வெட்டப்பட்டது, கூட்டுக் கதவுகள் எல்லாம் திறக்கப்பட்டன, கமராக்காரன் மண்டியிட்டான்.

ஒரு கோழியும் வெளியே வரவில்லை.

ஹாஜியார் கை தட்டினார். கோழிகள் இன்னும் உள்ளே ஒடுங்கின. “வெக்கப்படுதுகள்” என்று மைக்கில் விளக்கம் சொன்னார். ஒன்றைப் பிடித்து மண்ணில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே குந்திக்கொண்டு, கம்பி உரசி மயிர் போன கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டது. பிரதம அதிதிக்குக் கற்பிட்டியில் இன்னொரு விழா இருந்தது.

மாக்கிறட் கடைசியாகத்தான் எழும்பினாள். “நான் நடக்கிற கோழி கேட்டன் ஹாஜியார். விழா கேக்கல்ல. நடந்தா சொல்லுங்க, வாறன்.”

ஊரே சிரித்தது போல ஹாஜியாருக்குப் பட்டது. உண்மையில் பாதி ஊர்தான் சிரித்தது, மற்றவர்கள் இன்னும் பிரியாணிப் பந்தியில் இருந்தார்கள். அவர் உடனே பழைய கோழி வாங்கும் முத்தலிபுவுக்குப் போனில் கோல் எடுத்தார்.

“நாளைக்குப் பகல் லுஹர் தொழுதிட்டு லொறியக் கொண்டு வா. முழுக்க எடு. அறுத்து வித்துப் போடு.”

அஸீஸாவுக்கு அது கேட்டது. ஒவ்வொரு கோழியாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போய் வேலிக்குள் இறக்கினாள். கடைசிக் கூடு காலியாகும்போது பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிட்டது. இறக்கிய கோழிகளை அவள் வேலியோரம் நின்று பார்த்தாள். அவ்வளவு பெரிய வளவில் அவை நாலு நாலாக ஒட்டி நின்றன, இன்னும் சுற்றிவரக் கம்பி இருப்பதைப்போல.

“இஞ்சாருங்க, லொறிய வேணாமெண்டு சொல்லுங்க.”

“சொன்ன சொல்ல மாத்த ஏலாது. என்ர மானம் போச்சு. கதவத் திறந்து வச்சும் வராத கோழிய என்ன செய்ய?”

அஸீஸா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள்.

“சண்டை முடிஞ்சு கொஞ்ச நாளில, நாம அகதியா இருந்த கரைத்தீவுக்கு ஆக்கள் வந்து மைக்கில சொன்னாங்களே, பாதை திறந்தாச்சு, எல்லாரும் சொந்த ஊர் மன்னாருக்குத் திரும்பிப் போகலாம் எண்டு. ஓடிப் போனீங்களா?”

“போனன்தானே.”

“போய்ப் பின்னேர பஸ்ஸில திரும்பி வந்தீங்க. உங்கட வாப்பாட வளவுக்குள்ள நிண்டும், வாசல் எந்தப் பக்கம் இருந்தது எண்டு தெரியல்ல எண்டு சொல்லி அழுதீங்க.”

“அது கண்ணில தூசி.”

“ஓம், தூசிதான். அண்டைக்கு உங்கள அறுத்து விக்கோணும் எண்டு ஆரும் சொல்லல்ல.”

ஹாஜியார் தேத்தண்ணியைக் குடித்தார். ஆனாலும் லொறியை வேண்டாமென்று சொல்ல முத்தலிபுவுக்குக் கோல் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அஸீஸா வேலிக்குள் ஒரு மூலையைக் கொத்தி மண்ணை இளக்கினாள். அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கலந்தாள். தண்ணீர்ச் சட்டியை ஒவ்வொரு நாலு கோழிக்கும் கொஞ்சம் தூரத்தில் வைத்து, குடிக்க வந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

லுஹர் தொழுதுவிட்டு வெள்ளை ஜுப்பாவுடன் ஹாஜியார் வந்தார். முத்தலிபு வருமுன் கோழிகளை ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கலாம் என்பது எண்ணம். மூலையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். ஒரு கோழி பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. ஒரு கால் நீண்டிருந்தது. கண் செருகி, செட்டை துடித்தது.

“அஸீஸா, ஓடி வா. இது மவுத்தாகுது.”

சொல்லிக்கொண்டே அவர் மண்ணில் முழங்கால் குத்தினார். அமைச்சர்களுக்குக்கூடக் குனியாத வயிறு அது, மடிந்தது. பக்கத்துச் சட்டியில் உள்ளங்கையால் தண்ணீர் அள்ளி அதன் வாய்க்கருகே நீட்டினார். கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு பலமாக ஒரு உதறு உதறியது. சாம்பலும் மண்ணும் ஜுப்பாவில், தாடியில், தண்ணீர் ஏந்திய கையில் எல்லாம் கொட்டியது.

“சாகல்ல. குளிக்குது” என்றாள் அஸீஸா. “கோழி மண்ணிலதான் குளிக்கும்.”

“குளிக்குதா?”

“ஓம். இவ்வளவு காலமும் நம்மட கோழிக்கு முழுக்கு இல்ல.”

ஹாஜியார் எழும்பவில்லை. அந்தக் கோழி மறுபக்கம் சரிந்து, காலால் மண்ணை அள்ளி முதுகில் போட்டது. அவ்வளவு சுகத்தை ஒரு முகத்தில் அவர் பார்த்து வெகு காலமாகியிருந்தது. அந்தக் கழுத்திலும் முகத்திலும் சுகம் தெரியும் என்பதே அவருக்குச் செய்தி. பக்கத்து நாலில் ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. நின்றது. பிறகு அவருடைய முழங்காலைச் சுற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று.

மூன்றாவது வந்தது குளிக்க அல்ல. ஜுப்பாவின் பித்தானைக் கொத்தியது. நுனி வெட்டிய அலகு, வழுக்கியது. திரும்பவும் கொத்தியது. குஞ்சில் அந்த நுனியை வெட்டுவித்தவர் ஹாஜியார்தான்; அதுவும் நவீன முறை. அவர் ஜுப்பாப் பையில் எதையோ தேடி, ஒன்றும் கிடைக்காமல், பித்தானை அது கொத்த வசதியாகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கொடுத்தார்.

அப்போதுதான் முத்தலிபுவின் சின்னப் பட்டா லொறி கிரவல் பாதையில் கறகறவென்று வந்து கூட்டருகே நின்றது. முத்தலிபு ஹோர்ன் அடிக்கக் கையை ஓங்கினான்.

ஹாஜியார் விரலை உதட்டில் வைத்தார்.

“என்ன ஹாஜியார், ஏற்றவா?” என்று அவன் எட்டிக் கேட்டான்.

“சத்தம் போடாத.” மைக் இல்லாமல், மூச்சாலேயே சொன்னார். “குளிக்குதுகள். நீ போ.”

முத்தலிபு மண் பூசிய ஹாஜியாரைப் பார்த்தான். அஸீஸாவைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையாட்டினாள். ரிவர்ஸில் எடுத்தால் அந்த லொறி போடும் சத்தம் அவனுக்குத் தெரியும். அவன் என்ஜினை நிறுத்தினான், இறங்கினான், நியூட்ரலில் போட்டு, பிரதம அதிதிக்காகப் போட்ட கிரவல் பாதையில் லொறியை முக்கி முக்கிக் கேற்றுவரை பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.