ஆஸ்டின் வண்டிக்கு எனிமா

அந்தச் சனிக்கிழமை காலை மயிலாப்பூர் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரரான ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார், வராந்தாவில் பிரம்பு நாற்காலியில். அடுத்த வீட்டு ஜமீலுன்னிசா, கிணற்றடியில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல். தியாகராய நகர் ரகுபதி முதலியார், ஆஸ்டின் காரின் கால்பலகையில், வண்டி ஏற்கெனவே தன்னுடையது என்பதுபோல. வாத்தியாரின் மனைவி ஐவி மட்டும் எங்கும் உட்காரவில்லை. அவள் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

கார் வாத்தியாரின் அண்ணன் வில்லியத்துடையது. பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது தம்பி வீட்டில் விட்டுப் போயிருந்தார். யுத்தம் முடிந்த மறு வருஷம் டிரைவர் சின்னப்பையன் பஸ் கம்பெனியில் சேர்ந்துவிட, ஐவியே ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிரசவம் பார்க்கும் நர்ஸ் அவள். ராயப்பேட்டையில் ஒருத்திக்கு வலி, அடையாற்றில் ஒருத்திக்கு வலி என்று ஆள் வந்து நிற்கும்போது, ஜட்கா கிடைக்கும்வரை பிள்ளை பொறுத்திருக்குமா?

இப்போது அந்த வண்டிக்குத்தான் ஆபத்து. வில்லியம் எழுதியிருந்தார்: 'ஓட்டத் தெரிந்தால் போதாது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வண்டி வெறும் இரும்பு. என் சிநேகிதன் ரகுபதி விலைக்குக் கேட்கிறான். அவன் கண்முன்னே ஐவி தன் கையால் எஞ்சின் எண்ணெயை மாற்றிக் காட்டட்டும். முடியாவிட்டால் சாவியை அவனிடம் கொடுத்துவிடு.'

"சாவி எங்கே இருக்கு வாத்தியாரே? அப்புறம் தேடிக்கிட்டு நிக்க வேணாம் பாருங்க" என்றார் ரகுபதி.

"இன்னா முதலியாரே, பொண்ணு பாக்க வந்தவரு தாலியும் கையுமா வந்த மாரி கீது?" என்றாள் ஜமீலுன்னிசா.

கீழே ஐவி ஸ்பானரை அழுத்தித் திருப்பினாள். எண்ணெய் வடிக்கும் துளையை அடைத்திருந்த மரை இளகியது. கடைசிச் சுற்றுகளை விரலாலேயே சுற்றி எடுத்தாள். பேசினில் எண்ணெய் இறங்கியது, கெட்டியாக, தேன் நிறத்தில்.

வாத்தியார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அடடே, எவ்வளவு சுத்தமா இருக்கு! இதைப் போய் மாத்தணுமா? அண்ணனுக்கு எதுலயும் சந்தேகம்."

ஐவி எண்ணெயை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். வெளியே வந்து முன்மூடியைத் திறந்து அளவுக்கம்பியை உருவினாள். எஞ்சின் எண்ணெய் குறையவே இல்லை; கன்னங்கரேலென்று நின்றது.

"தப்பு மரையைக் கழட்டிட்டேன். இது கியர் பெட்டி எண்ணெய்."

ரகுபதி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "முடிஞ்சுது போங்க! இருக்கிற தட்டுப்பாட்டுல கியர் எண்ணெய்க்கு எந்தக் கடையில போய் நிப்பீங்க? சாவியைக் கொடுங்க."

"தப்பே பண்ணக்கூடாதுன்னு அத்தான் எழுதலையே சார். மாத்திக் காட்டணும்னுதான் எழுதியிருக்கார். உட்காருங்க."

பேசினை அவள் காலையில் கொதிக்கும் நீர் விட்டுக் கழுவித் துடைத்திருந்தாள். பேசினைக் கழுவ வேறு விதம் அவளுக்குத் தெரியாது. எண்ணெயில் ஒரு தூசி இல்லை. தரையில் ஒரு சொட்டுச் சிந்தவும் இல்லை. அதையே திருப்பி விட்டால் தீர்ந்தது. ஆனால் கியர் பெட்டியின் வாய் காரின் தரைப்பலகைக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. புனல் நிற்காது. ஒரு நிமிஷம் இடுப்பில் கைவைத்து யோசித்தவள், அடிமரையைத் திரும்ப இறுக்கிவிட்டு உள்ளே போய்ப் பிரசவப் பையோடு வந்தாள். அதிலிருந்து எனிமா டப்பாவும் அதன் நீண்ட ரப்பர் குழாயும் வெளியே வந்தன.

"யா அல்லா! வண்டிக்கு எனிமாவா? இன்னா ஐவிம்மா, அதுக்கு மூணு நாளா போகலியா?" ஜமீலுன்னிசா வாளியிலிருந்து விழாத குறை.

"சிரிச்சது போதும் அக்கா. உங்க அடுப்புல வெந்நீர் இருந்தா கொண்டாங்க. சூடு காட்டினாத்தான் இது குழாயில இறங்கும்." பிறகு ரகுபதி பக்கம் திரும்பினாள். "சார், சும்மாதானே இருக்கீங்க? டப்பாவைத் தூக்கிப் பிடிங்க. இன்னும் உயர. ஆட்டாதீங்க, நோயாளி பாவம்."

சரிகை வேட்டி கட்டிய ரகுபதி முதலியார் இரண்டு கையாலும் எனிமா டப்பாவைத் தலைக்குமேல் ஏந்தி நின்றார். எண்ணெய் தீரும்வரை கையை இறக்கவில்லை.

அதற்குப் பின் தடங்கல் இல்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்தாள். முன்பக்கத்து எஞ்சின் மரையைக் கழற்றினாள். இந்தத் தடவை மையாகக் கொட்டியது. வடிந்ததும் வாஷரைத் துடைத்து மரையை இறுக்கினாள், புது எண்ணெயை ஊற்றினாள், அளவு பார்த்தாள். எஞ்சினை மறுபடி ஓடவிட்டாள்; கீழே விரித்த வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு விழவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

"அந்தக் கியர் பெட்டிச் சங்கதியை விட்டுடேன்" என்றார் வாத்தியார். "எனிமான்னு எழுதினா அண்ணி பெங்களூர் பூரா சொல்லிச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். முதல்ல அதைத்தான் எழுதப்போறேன். சரியா செஞ்சதை மட்டும் எழுதினா, அடுத்த மாசம் அத்தான் வேற பரீட்சை வைப்பார். கோளாறு வந்தா கண்டுபிடிச்சுச் சரி பண்ணுற கைலதான் வண்டி இருக்குன்னு அவருக்குத் தெரியணும்."

எழுதி முடித்துப் பேனாவை ரகுபதியிடம் நீட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அடியில் எழுதினார்: 'எல்லாம் நிஜம். டப்பாவைப் பிடித்தவன் நான்தான். வண்டி இங்கேயே இருக்கட்டும். எனக்கு வேறு ஏதாவது வண்டி பார்.'

ஐவி உறையின் ஓரத்தில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினாள். "ஏறுங்க சார், வீட்டுல விட்டுட்டு வரேன். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாச்சியைப் பார்க்கணும்."

லஸ் முனையில் வண்டியை ஓரம் கட்டினாள். ரகுபதியே இறங்கிப் போய்க் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டார்.