ஆறு பக்கமும் வார்னிஷ்

கடைக்காரர் இரண்டு கிட்டார் கம்பிகளை மேஜைமேல் நீட்டி வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

முதல் கம்பி சொரசொரவென்றிருந்தது. பட்டறையில் நாளெல்லாம் கதவுகளுக்கு உப்புத்தாள் போடுகிற விரலுக்கு, இன்னும் வேலை பாக்கி இருக்கிற மாதிரி உறுத்தியது. இரண்டாவது வழுவழுவென்று ஓடியது.

“முதல்ல தொட்டது ரவுண்டு. கணீர்னு கேக்கும், எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க” என்றார் கடைக்காரர். “இது ஃப்ளாட்டு. மேல சுத்தியிருக்கற கம்பி பட்டையா இருக்கும். தும்முனு அடங்கி ஒலிக்கும்.”

“இதையே குடுங்க.”

கூட வந்த கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். செல்போன் பழுது பார்க்கிறவன். புதிதாக எது வந்தாலும் அதுதான் நல்லது அவனுக்கு. “ஊரே ஒரு பக்கம் போனா நீங்க ஒரு பக்கம் போவீங்களே, அண்ணி!”

“எங்க டிரம்ஸ்காரர் அடிச்சா இடி விழும். பாடற பொண்ணுக்குப் பூனைக் குரல். நடுவுல நானும் கணீர்னு கத்தினா அவ காணாமப் போயிடுவா. நான் அடியில நின்னு தாங்கணும்டா.”

இரண்டு வருஷமாக அந்தப் பாட்டுக் குழுவுக்கு வயர் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போதுதான் அடிநாதம் தருகிற பேஸ் கிட்டார் வாசிக்கிற இடம் காலியாகியிருந்தது. கதவு அறுத்து மிஞ்சிய கட்டையில், சமையலறை மேஜைமேல் வைத்து, கிட்டாரைத் தானே செதுக்கியிருந்தாள். டிரம்ஸ்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: “சனிக்கிழமை ஒத்திகைல உங்க கட்டை ஒழுங்காப் பேசினா நீங்கதான் மேடைல. இல்லேன்னா என் மச்சானைக் கூப்பிட்டுக்கறேன். அவன்கிட்ட கடைல வாங்கின கிட்டாரே இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சண்டை.

“பேட்டரி வச்ச சர்க்யூட்டு போடுவோம் அண்ணி. திருகறதுக்கு நாலு குமிழ், சின்னதா ஒரு லைட்டு. பாக்கறவன் மயங்கிடுவான்.”

“பாட்டு நடுவுல பேட்டரி செத்துப்போனா நீ ஓடிவந்து வாயால வாசிப்பியா? கம்பி அதிர்றதைப் பிடிக்க ஒரு பிக்கப்பு, ஒரு வால்யூம், ஒரு டோன். போதும்.”

“கிட்டார் கேட்டா காலிங் பெல் செய்யச் சொல்றாங்களே” என்று முனகிக்கொண்டே அவன் ஈயம் வைத்தான். கடைசியாக ஒரு எர்த் வயரைத் துளை வழியாக விட்டு, நுனியை உரித்து, பிரிட்ஜ் வரும் இடத்தில் படிய வைத்தான். கம்பிகளின் வாலைப் பிடித்துக்கொள்கிற இரும்புத் தகடுதான் பிரிட்ஜ். “தகடு இந்த நுனியைத் தொட்டுட்டு இருக்கணும் அண்ணி. அப்பதான் இரைச்சல் வராது” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அவள் கடைசிப் பூச்சு வார்னிஷை அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிரிட்ஜைத் திருகிக் கம்பி மாட்டினாள்.

சனிக்கிழமை ஒத்திகை அறையில் கிட்டாரைச் செருகி, ஒலிபெருக்கியான ஆம்பைப் போட்டதும் ‘உர்ர்ர்’ரென்று ஒரு சத்தம். பாடுகிற பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

“என்னம்மா, மாவு மில்லைக் கொண்டாந்திருக்கீங்க?” என்று டிரம்ஸ்காரர் போனைக் கையில் எடுத்தார்.

“நான்தான் சொன்னேனே, பேட்டரி போட்டிருந்தா...” என்று கூடவே வந்திருந்த கொழுந்தன் ஆரம்பித்தான்.

“நீ சித்த சும்மா இரு.” அவள் கம்பிகளை அழுத்திப் பிடித்தாள். இரைச்சல் அப்படியே இருந்தது. வயர் செருகியிருந்த இரும்பு முனையை விரலால் தொட்டாள். சட்டென்று அடங்கியது. விட்டாள்; மறுபடி உறுமியது.

“இரும்பைத் தொட்டா அடங்குது, கம்பியைத் தொட்டா அடங்கல. அப்போ உன் எர்த்து கம்பி வரைக்கும் வரலடா.”

“நான் வச்ச வயரு எங்க போகும்?”

ஆம்பை அணைத்துவிட்டுக் கம்பிகளைத் தளர்த்தி பிரிட்ஜைக் கழற்றினாள். வயர் வைத்த இடத்திலேயேதான் இருந்தது. அதன்மேல் பளபளவென்று, கண்ணாடி மாதிரி, அவள் அடித்த வார்னிஷ்.

கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அடக் கடவுளே! வயருக்குமா அண்ணி பாலிஷ்?”

கதவுக்கு ஆறு பக்கமும் வார்னிஷ் ஏற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிவிளிம்பை விட்டுவிட்டால் ஈரம் ஏறிக் கதவு உப்பிவிடும். பதினைந்து வருஷமாக அப்படியே ஓடிப் பழகிய கை, இங்கேயும் ஒரு மூலையை விட்டுவைக்கவில்லை.

“போனை வைங்க சார்” என்றாள் டிரம்ஸ்காரரிடம். “ஒரு டீ குடிச்சு முடிங்க, போதும்.”

சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் கத்தியால் வயரின் நுனியைச் சுரண்டினாள். செம்பு மினுங்கியது. தகட்டை வைத்து இறுக்கி, கம்பிகளைச் சுருதி சேர்த்து, ஆம்பைப் போட்டாள். கம்பிமேல் கை வைத்ததும் அறை நிசப்தமானது.

இருப்பதிலேயே தடித்த கம்பியைத் தட்டினாள்.

தும்.

தரை வழியாக அது எல்லார் காலிலும் ஏறியது. டிரம்ஸ்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக் குச்சிகளை எடுத்தார். அவர் இடி இறக்க, அவள் அடியில் நின்று தாங்க, பாடுகிற பெண்ணின் குரல் ஒரு சொல் சிதறாமல் மேலே தெளிவாக நின்றது. பாட்டு முடிந்தும் யாருக்கும் நிறுத்த மனமில்லை. முதலிலிருந்து மறுபடி பிடித்தார்கள்.

ஒருவழியாக நிறுத்தியபோது டிரம்ஸ்காரர் முகமெல்லாம் பல். “மச்சானுக்கு வேற வேலை பாத்துக் குடுத்துடலாம். என்னம்மா இது, நீங்க வாசிச்சா அந்தக் கதவே கடகடன்னு ஆடுது!”

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒத்திகை அறையின் கதவு சட்டத்துக்குள் இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“அது எங்க பட்டறைக் கதவு இல்ல சார்” என்றாள். “எங்க கதவு ஆடாது. அடுத்த பாட்டு என்ன?”