பிடித்தவன் வானத்தைப் பார்ப்பான்

நான் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். அன்று தொடங்கிய அவசரம் இன்னும் அடங்கவில்லை. பேஸ்போல் மாதிரியான சொஃப்ட்போல் ஆட்டத்துக்கு நடுவராகும் அட்டைக்கான தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டதும் அதனால்தான். பந்து கையுறையைத் தொட்டவுடன் 'அவுட்' என்று என் முஷ்டி உயர்ந்துவிடும். பந்தோ அடுத்த நொடி நழுவிப் புல்லில் உருளும். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கவில்லை என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

2006 ஓகஸ்டில் எனக்கு மூன்றாவது வாய்ப்பு, அதுவே கடைசி வாய்ப்பும். தேர்வாளர் மதாம் பெல்த்தியே கம்பிவலைக்குப் பின்னால் குறிப்புப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தார்.

"பார், பொறு, பிறகு சொல், ஜெயமதி," என்றார் பிரெஞ்சில். "பந்து முதலில் பிடிப்பவன் கைக்குள் அடங்க வேண்டும். அதற்குப் பிறகு வெளியே போனால் அவனாக விட்டதாக இருக்க வேண்டும். தானாக நழுவினால் அவுட் இல்லை."

ஆட்டம் ஜாறி பூங்காவில். ஒரு பக்கம் லொங்குய்ய் அலுவலகக்காரர்கள். மறுபக்கம் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியேறிய தமிழர்கள், கிரிக்கெட் ஆட இடம் கிடைக்காமல் இதில் இறங்கிய கூட்டம். அவர்களின் தலைவர் சிவநேசம் அண்ணை, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்பவர். சனிதோறும் எனக்குக் கறிவேப்பிலை சும்மா தருவார். என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் றொபின்சன் இடது மூலையில் நின்றான். மட்டக்களப்பில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவன்.

கடைசிச் சுற்று. தமிழர்கள் ஒரு ஓட்டம் முன்னால். லொங்குய்ய்க்கு இரண்டு பேர் அவுட், மூன்றாமவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. இன்னும் இரண்டு பேர் ஓட்டம் எடுக்கத் தளங்களில் நின்றார்கள். ஒரே ஒரு பிடி எடுத்தால் கிண்ணம் எங்கள் ஆட்களுக்கு. விட்டால் இரண்டு பேரும் ஓடி வந்து வென்றுவிடுவார்கள்.

மட்டை 'டங்' என்றது. பந்து இடது பக்கம் எழும்பிப் பறந்தது. நான் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். றொபின்சன் வேலியை நோக்கி ஓடினான். எவ்வளவு ஓட்டம்! அவன் எம்பினான். பந்து கையுறைக்குப் போனது. அடுத்த கணம் இரண்டு கைகளும் மேலே போயின, பந்தும் வானத்துக்குப் போனது.

ஊர்க் கிரிக்கெட்டில் பிடி எடுத்த எவனும் பந்தைக் கையில் வைத்திருந்ததில்லை. சந்தோஷத்தில் உடனே வானத்துக்கு எறிவான். எங்கள் ஆட்கள் அதைத்தான் கண்டார்கள், கத்திக்கொண்டு ஓடி வந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். லொங்குய்ய்க்காரர் இரண்டு பேரும் அதற்குள் ஓடி முடித்துவிட்டார்கள். பந்து புல்லில் கிடந்தது. எல்லாக் கண்ணும் என்மேல்.

என் முஷ்டி மடங்கி இடுப்பு வரை வந்துவிட்டது. பொறடி, என்று எனக்கு நானே சொல்லி அதை அங்கேயே நிறுத்தினேன். கண்டதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கையுறை மூடவே இல்லை. பந்து அதன் மணிக்கட்டு விளிம்பில் பட்டுத் தெறித்தது, கைகள் அதற்குப் பிறகுதான் உயர்ந்தன. இன்னொன்றும் கண்டேன். பிடித்தவன் வானத்தைப் பார்ப்பான். விட்டவன்தான் நடுவரைப் பார்ப்பான். றொபின்சன் என்னைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தான், படுபாவி.

இரண்டு கைகளையும் அகல விரித்தேன். பிடி இல்லை. லொங்குய்ய் வென்றது.

"உமக்குக் கண் தெரியேல்லையோ ஜெயமதி," என்று சிவநேசம் அண்ணை தொப்பியை நிலத்தில் அடித்தார். "பொடியன் பிடிச்சுப்போட்டெல்லோ எறிஞ்சவன். கிரிக்கெட் தெரியாத வெள்ளைக்காரி சொன்னாலும் பரவாயில்லை, நீரே சொல்லுறீர்?"

"பிடிக்கேல்லை அண்ணை," என்றேன்.

மதாம் பெல்த்தியே மைதானத்துக்குள் வந்தார். "இந்த முறை நீ அவசரப்படவில்லை," என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனால் தீர்ப்புத் தவறு. அவன் எறிந்ததை நான் பார்த்தேன். அவனாக விட்ட பந்து அவுட்தான். எனக்கு வருத்தமாக இருக்கிறது."

"கையுறை மூடவில்லை, மதாம். நான் கிட்ட நின்றேன்."

அவர் இல்லை என்று தலையாட்டினார். பேனை தாளில் இறங்கத் தயாராக நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புத்தகத்தைப் பறித்து எறிந்திருப்பேன்.

றொபின்சன் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான்.

"என்னக்கா சொல்லுறா?"

"எனக்கு அட்டை இல்லையாம். நீ எறிஞ்சது எனக்கு விளங்கேல்லையாம்."

அவன் சிவநேசம் அண்ணையைப் பார்த்தான். மேசையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு இடது கையிலிருந்து கையுறையைக் கழற்றினான். மணிக்கட்டில், கையுறை முடிகிற இடத்துக்கு மேலே, பந்து பட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது.

"நோ, மதாம்," என்றான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான், அதில் இதற்கான சொல் இருந்தது. "எஷப்பே." நழுவிவிட்டது.

மதாம் பெல்த்தியே அந்த வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார், தாளைக் கிழித்து என் கையில் வைத்தார். தேர்ச்சி. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இனிக் கறிவேப்பிலை இல்லை," என்றார் சிவநேசம் அண்ணை. என்னிடமா அவனிடமா என்று தெரியவில்லை.

றொபின்சன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் வீங்கிய கையைப் பிடித்து, என் தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் சரித்தேன்.

"அடுத்த முறை முதல் பிடி," என்றேன். "பேந்து எறி."