துறைமுகத்து வயிற்றெரிச்சல்

துறைமுகச் சாலை போட்டோக்காரிக்கு வயிறு நிஜமாகவே எரியத் தொடங்கியது, மீன்வரத்து நன்றாக இருந்த ஒரு குளிர்காலத்தில். ஐஸ் கிடைக்காதது, டீசல் விலை ஏறியது, போட்டோக்காரியின் மடியில் இருந்த டீ கொதித்தது என்று மூன்றையும் மீனிறக்கும் மேடையில் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள். டீ கொதித்ததைப் பலர் கண்ணால் பார்த்தார்கள். துறைமுக அலுவலகத்தின் கூடத்தில் ஒரு பெரிய படத்தைத் திறந்துவைத்த விழா அது. முன்வரிசையில் உட்கார்ந்து அவளும் எல்லாரையும் போலக் கை தட்டிக்கொண்டிருந்தாள். மடியில் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. திரையை விலக்கியதும் அந்த ஏடு நடுங்கிற்று, ஓரத்தில் குமிழி விட்டது, பிறகு தளதளவென்று பொங்கிப் புடவையில் வழிந்தது. சுவரில் இருந்த படம் அவளுடைய தங்கை எடுத்தது.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். அல்சர் என்று எழுதிக்கொடுத்தார். மூத்தவளும் கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டாள். அது அல்சர் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அவள் தொழிலை முறையாகக் கற்றவள். கல்யாணத்துக்கு முன்பே தனியாகக் கடை போட்டவள். படகு விற்கிறவர்களும் உரிமம் புதுப்பிக்கிறவர்களும் அவளிடம்தான் வருவார்கள். முகப்பு, பக்கவாட்டு, பின்புறம், எழுத்து தெரிகிற மாதிரி ஒன்று என்று பிசகில்லாமல் எடுத்துக் கொடுப்பாள். அது வயிற்றுப்பாடு. மனசு முழுக்க நீர்ப்பறவைகள் மேல்தான். விடிவதற்கு முன் சேற்றுத்திட்டில் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பாள். நாரை எந்தக் காலில் எவ்வளவு நேரம் நிற்கும், நீர்க்காகம் எந்தக் கம்பத்தில் சிறகு காயப்போடும், கூழைக்கடா தண்ணீர் வற்றும் நேரத்தில் எங்கே இறங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பைக்குள் இருந்து கேமராவை எடுக்கிற சத்தத்துக்கே பறவைகள் எழும்பிவிடும். எழும்பாத நாளில் எடுத்த படங்களில் படகு படகு மாதிரி இருக்கும், கொக்கு கொக்கு மாதிரி இருக்கும். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.

இளையவள் வேலை பார்த்த கப்பல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றாள். அந்த நாலு நாள் வருஷங்களாக நீண்டது. சும்மா இருக்கிற கை எதையாவது உடைக்கும் என்று பயந்து, ஷட்டர் மக்கர் செய்கிற பழைய கேமரா ஒன்றை மூத்தவளே எடுத்துக் கொடுத்தாள். முதல் ஃபிலிம் சுருளைக் கழுவியதும் அவள்தான். சிவப்பு விளக்கில், தட்டுத் தண்ணீருக்குள், ஒரு துருப்பிடித்த இழுவைப்படகின் கம்பியில் நீர்க்காகங்கள் உயரவாரியாக வரிசை கட்டி நிற்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. கல்யாண வீட்டில் குடும்பப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. ஒன்றுகூடக் கண் மூடவில்லை. பூனை உருட்டியதில் பானை திறந்த கதை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள். இரண்டாம் சுருளில் ஒரு நாரை லென்ஸுக்குப் பக்கத்தில் வந்து கழுத்தை வளைத்து நின்றது. மூன்றாம் சுருளுக்குப் பிறகு அவள் நினைத்துக்கொள்வதை விட்டுவிட்டாள்.

இளையவளிடம் கர்வம் ஒரு துளி இருந்திருந்தால்கூட மூத்தவள் பிழைத்திருப்பாள். யார் பாராட்டினாலும் அவள், "எல்லாம் அக்கா சொல்லிக்குடுத்ததுதான்" என்பாள். அதை மனசாரச் சொல்வாள். அந்த வார்த்தைதான் மூத்தவளுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டியது.

டீ கொதித்த நாளுக்குப் பிறகு சூடு தணியவே இல்லை. அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் பூனை வந்து படுத்தது. இருட்டறைக்குள் அவள் நுழைந்தால் டெவலப்பர் சூடேறி நெகட்டிவ்கள் கருத்துப்போயின. அதனால் கழுவும் வேலையும் தங்கை கைக்குப் போயிற்று. கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே தங்கை முணுமுணுக்கிற பாட்டைக் கேட்டபடி எரிந்தாள். அவள் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். எதற்கும் பதறாத மனிதர். குளிரில் இறுகிப்போன கிரீஸ் டப்பாவை அவள் பக்கத்தில் வைத்து இளக்கிக்கொள்வார். ராத்திரி, "குளிருக்கு அடக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். வலை பின்னுகிறவர்கள் உரிமத்துக்குப் படம் எடுக்க வந்த சாக்கில் ஈரக் காலுறையைக் கழற்றி அவள் மேஜை ஓரத்தில் போட்டுவைப்பார்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் அந்த வருஷம் அளவுக்கு மீறிப் போயின. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் வயிற்றில் இருப்பதில் ஊரே கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டு போகிறதென்றால் யாருக்குத்தான் தாங்கும்?

இப்படியே சில குளிர்காலங்கள் போயின. ஒரு காலை, துறைமுக வாய்க்கு வெளியே இருக்கும் நடுத்திட்டில் கூழைக்கடாக்கள் குஞ்சுகளோடு இறங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அந்த மணல்திட்டைக் கண்டுபிடித்தவள் மூத்தவள். வருஷக்கணக்காகப் போய்க் காத்திருந்து, சாம்பல் மேகத்தையும் பறவைகளின் முதுகையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிய இடம். இளையவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மீசை என்று எல்லாரும் கூப்பிடும் படகுக்காரர் கீழே காத்திருந்தார்.

"நீயும் வாக்கா. நீ இல்லாம எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது."

"நான் எதுக்கு? பறவைங்க உன்னைத்தான கேக்குது. போ."

தெற்கே காற்று திரும்பியிருந்ததை மூத்தவள் பார்த்தாள். அப்படித் திரும்பும் நாளில், தண்ணீர் ஏறும் நேரத்தில், நடுத்திட்டின் பின்பக்கம் ஒரு அலை எழும்பும். முன்பக்கம் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது. மீசை மீன்பிடிக்கிறது வடக்கே, அவருக்கும் தெரியாது. சொல்ல நாக்கு எழும்பியது. பிறகு பல்லுக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டது.

மத்தியானத்துக்கு மேல் இழுவைப்படகு ஒன்று அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. படகு கவிழ்ந்திருந்தது. மீசை பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தார். இளையவள் நடுங்கக்கூட இல்லை. உதடு நீலம் பாய்ந்து, கண் பாதி மூடியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தில் மூடுபனி இறங்கியிருந்ததால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர வேண்டும். துறைமுகத்தில் இருந்தவர்கள் யாரும் யாரையும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு நேராகப் போட்டோக்கடைக்கு ஓடிவந்தார்கள். குடும்பப் படம் எடுக்கிற நீளப் பலகையில் கிடத்தினார்கள்.

"ஈரத்தை மாத்திட்டு நீ பக்கத்துல படு. உன் சூடு போதும்" என்றார் மெக்கானிக்.

மூத்தவள் தங்கையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். கம்பளியைப் போர்த்திவிட்ட மெக்கானிக் மனைவியின் கை பட்டதும் திடுக்கிட்டார்.

"என்னது இது? நீ ஏன் ஜில்லுன்னு இருக்க?"

அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களின் நடுவே தங்கையின் கை தொங்குவதைப் பார்த்த கணத்தில் அடுப்பில் தண்ணீரைக் கொட்டிய மாதிரி உள்ளே எல்லாம் அணைந்துபோயிருந்தது. இத்தனை வருஷம் தணிய மாட்டேன் என்றது, தேவைப்படும்போது ஒரு பொறி இல்லை.

"பொறாமைப்படு" என்றார் மெக்கானிக்.

"இப்பப் போய் எப்படிங்க..."

"இத்தனை வருஷம் பட்ட இல்ல? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு? படு!"

அந்த மனிதர் குரலை உயர்த்தியதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தேடித் தேடி எடுத்தாள். அம்மா இவளுக்குத்தான் தினமும் தலை பின்னிவிட்டாள். தனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். சிவப்புப் பாவாடை இவளுக்கு. அப்பா தோளில் இவள், கையைப் பிடித்துக்கொண்டு தான். ஒவ்வொன்றாக எடுத்தாள், ஒன்றும் பற்றவில்லை. தோளில் இருந்த அந்தச் சின்னது, குனிந்து தன் தலைமுடியை விரலில் முறுக்குக் கம்பி மாதிரி சுற்றிக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது. கண்ணீர் வழிந்தது. அதுகூடச் சூடாக இல்லை. துறைமுகக் கூடத்துப் படத்தை நினைத்தாள். நல்ல படம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயத்தில் அவள் உடம்பு மேலும் சில்லிட்டது.

மூலையில் கம்பளிக்குள் இருந்த மீசை மெல்ல வாயைத் திறந்தார். சாகக் கிடக்கிற பெண்ணைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார். வேறொன்றும் அவர் மனசில் இல்லை.

"முப்பது வருஷமா கடல்ல இருக்கேம்மா. அப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. தங்கச்சி கேமராவைத் தூக்குச்சு. அவ்வளவுதான். கூழைக்கடா அத்தனையும் வட்டமா வந்து நின்னுச்சுங்க. குஞ்சுங்களை அலகால தள்ளி முன்னாடி விட்டுச்சுங்க."

மூத்தவள் தலையைத் தூக்கினாள். "எந்த இடத்துல?"

"நடுத்திட்டுலதான்."

"நடுத்திட்டுல எங்க?"

"மேற்கால, அந்த உடைஞ்ச நங்கூரம் கிடக்குதே, அதுகிட்ட."

அது அவள் கம்பளி போர்த்திக் குந்தியிருந்த இடம். அடிவயிற்றில் எங்கோ ஒரு ஓரம் வெதுவெதுத்தது. மெக்கானிக் மனைவியின் தோளில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சொல்லுங்க, நிறுத்தாதீங்க" என்றார்.

"வெளிச்சம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மூத்தவள்.

"வானம் முழுக்க மூட்டம்மா. அதுல ஒரே ஒரு கிழிசல். அது வழியா வெயில் நேரா வந்து பறவைங்க மேல மட்டும் விழுந்துச்சு. சுத்தி எல்லாம் இருட்டு. அதுங்க மட்டும் வெளிச்சத்துல."

அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்து காத்திருந்தாள். அது என்றைக்காவது வரும் என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் நம்பியிருந்தாள். வந்த அன்று அவள் கடையில் உட்கார்ந்து ஒரு படகின் பின்புறப் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பற்றிக்கொண்டது. கம்பளியிலிருந்து ஆவி எழும்பியது, தங்கையின் ஈரத் தலைமுடி காய்ந்து பறந்தது, கடைக் கண்ணாடி முழுக்கப் பனித்து வெளியே நின்றவர்களின் முகம் மறைந்தது. பலகையின் வார்னிஷ் இளகி வாசனை வந்தது. மெக்கானிக் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து இளையவளின் விரல்கள் அசைந்தன.

"அக்கா... சுடுது."

"படு."

"படம் எடுத்தேன்க்கா."

"தெரியும். வாயை மூடிட்டுப் படு."

"நீ பார்த்திருக்கணும்க்கா, அந்த வெளிச்சம்..."

"படுன்னு சொன்னேன்!" என்று கத்திய மூத்தவளின் கன்னத்தில் கண்ணீர் கோடு விழாமலே ஆவியாகிப்போயிற்று.

ஆம்புலன்ஸ் வந்து தங்கையைக் கொண்டுபோனது. அதற்கு முன்பே, தங்கையின் கழுத்து வாரில் கேமரா அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததைக் கழற்றி, ஃபிலிமைக் காயவிடாமல் இருட்டில் எடுத்து மூடிபோட்ட வாளித் தண்ணீரில் போட்டு வைக்கும்படி கணவரிடம் சொல்லியிருந்தாள் மூத்தவள். கடல்நீர் பட்ட ஃபிலிம் காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஊறிக்கொண்டே இருந்தாலும் உப்பு அரித்துவிடும். உடனே கழுவ வேண்டும்.

இருட்டறையில் அந்த வாளியும் அவளும் மட்டும் இருந்தார்கள். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாளியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தண்ணீர் சூடேறும், படம் பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். கடல் தின்றுவிட்டது என்றால் நம்பாதவர் யார்? அந்த மாதிரி உட்காரவும் செய்தாள். வாளியின் விளிம்பு வெதுவெதுக்கிற வரை உட்கார்ந்தாள். பிறகு ஒன்று தோன்றியது. இதைக் கெடுத்தால் மிச்ச ஆயுளுக்கும் அந்தப் படத்தை மனசில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனசில் வருகிற படம் நிச்சயமாக இதைவிட நன்றாக இருக்கும்.

கதவைத் திறந்து கணவரைக் கூப்பிட்டாள். "ஐஸ் வேணும்."

"எவ்வளவு?"

"மீன் பெட்டியில இருக்கிற அத்தனையும்."

பெரிய தொட்டியில் ஐஸைக் கொட்டி, அதற்குள் இடுப்பளவு உட்கார்ந்து, கையை மாற்றி மாற்றி ஐஸில் புதைத்து எடுத்துக்கொண்டு, தங்கையின் ஃபிலிமை அவள் கழுவினாள். பாதியில் ஐஸ் உருகிப் போய் இன்னும் இரண்டு பெட்டி கேட்டாள். உப்பு அநேகமாக எல்லாவற்றையும் தின்றிருந்தது. ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. அதைப் பிரிண்ட் போட்டு விளக்கில் தூக்கிப் பிடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் மெக்கானிக் கதவுக்கு வெளியிலிருந்து.

"நாசமாப் போக. ரொம்ப நல்லா இருக்கு."

தொட்டிக்குள் மிச்சமிருந்த ஐஸ் சொய்யென்று சீறி அடங்கியது.

ஆஸ்பத்திரியில் படத்தைத் தங்கையின் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூத்தவள் சொன்னாள்: "பின்பக்கம் அலை எழும்பும்னு எனக்குத் தெரியும். சொல்லல."

இளையவள் படத்திலிருந்து கண்ணை எடுக்க நேரமாயிற்று. சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "இனிமே சொல்லிடு" என்றாள். கொஞ்சம் கழித்து, "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். இதுவும் கிடைச்சிருக்காது" என்றாள். இரண்டும் உண்மை. அந்த அறையில் ஹீட்டரை அணைக்கச் சொல்லி நர்ஸ் வந்து சத்தம் போட்டாள். ஹீட்டர் போட்டிருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு கடலில் விழுந்து குளிரில் விறைத்தவர்களை முதலில் போட்டோக்கடைக்குக் கொண்டுவருவதும், பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அந்தத் துறைமுகத்தில் வழக்கமாயிற்று. துறைமுக அலுவலகமே ஒரு அகலக் கட்டிலும் நான்கு கம்பளியும் வாங்கிக் கொடுத்தது. மாலுமிகள், வலைக்காரர்கள், ஒருமுறை எங்கிருந்தோ வந்த ஒரு கப்பலின் சமையல்காரர் என்று பலர் அந்தக் கட்டிலில் கண் விழித்தார்கள். மூத்தவள் படகுகளின் முகப்பையும் பின்புறத்தையும் பிசகில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் சேற்றுத்திட்டுக்குப் போவதையும் விடவில்லை. இளையவளின் படங்கள் வருஷத்துக்கு வருஷம் தேறிக்கொண்டே போயின. தேற வேண்டியிருந்தது. தெருவில் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற சத்தம் கேட்டதும் மூத்தவள் கம்பளியை உதறி விரிப்பாள், பக்கத்தில் படுத்துக்கொள்வாள், உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பாள்:

"ஏய், புதுசா எடுத்ததைக் கொண்டா, பார்க்கலாம்."