டேப் ஒட்டிய காலி டப்பா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பல்வலியில் பிறந்தது. பல்வலி எனக்கு. டாக்டர் பட்டம் என் தங்கைக்கு. அவள் ஆராய்வது பற்பசையை. மூன்றையும் சேர்த்து நானாக ஒரு முடிச்சுப் போட்டு அவளுக்கு போன் செய்தேன்.

"அண்ணா, நான் அந்த டாக்டர் இல்ல. எத்தன தடவ சொல்றது? பெரியப்பா வாயத் தொறந்து போட்டோ எடுத்து அனுப்புறாரு. அத்தை கடவாப்பல்லு எக்ஸ்ரே அனுப்பியிருக்காங்க. நான் பாக்குறது பேஸ்ட்டுக்கு உள்ள. பல்லு பக்கமே போனதில்ல."

"பேஸ்ட்டுக்கு உள்ள அப்படி என்ன இருக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் பேசினாள். பேசி முடித்தபோது என் பல்வலி பறந்துவிட்டது. [பொய். பறக்கவில்லை. பத்தியை முடிக்க அப்படி ஒரு வாக்கியம் தேவைப்பட்டது.] ஆனால் பேச்சின் நடுவே ஓரிடத்தில் அவள் குரல் கம்மியது. பற்பசைக்காக ஒருத்திக்குத் தொண்டை அடைக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்கள்.

"அந்த நீண்ட கூடத்தில் அவள் தன்னந்தனியாக நின்றாள். ஜன்னலுக்கு வெளியே மழை—"

தங்கை வரைவின் ஓரத்தில் எழுதியது: அங்க ஜன்னலே கிடையாது. சுவரு ஒரு ஆள் அகலத்துக்கு கான்கிரீட்.

"கண்ணுக்குத் தெரியாத துகள்களின் நடனத்தில் அவள் தன்னையே மறந்து—"

நான் எதையும் மறக்கல. பிஸ்கட் தின்னுட்டு இருந்தேன்.

"அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்."

இது சரி.

ஆக, அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அறிவியல் என்றதும் பக்கத்தைப் புரட்டுகிற கட்சியா நீங்கள்? நானும் அதே கட்சிதான். ஒரே ஒரு பத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவோம்.

பற்பசைக்குள் வெளிச்சம் போகாது. நியூட்ரான் போகும். அணுவின் நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பொடிசு அது. ஓர் அணு உலையிலிருந்து அவற்றைக் கற்றையாக இழுத்துவந்து, சட்டைப் பொத்தான் அளவு கண்ணாடி டப்பாவில் அடைத்த பசைமீது விடுகிறார்கள். பெரும்பாலானவை எதுவுமே நடக்காதது மாதிரி நேராகப் போய்விடும். சில மட்டும் துளியூண்டு விலகும். உள்ளே இருக்கும் கட்டமைப்பு எவ்வளவு பெரிதோ, விலகல் அவ்வளவு சின்னது. ("பெரிது" என்றால் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஊரில் அது மாளிகை.) இந்தத் துளி விலகலைப் பிடிப்பதற்காக, நியூட்ரானை எண்ணும் பலகையைப் பதினெட்டு மீட்டர் தள்ளி, காற்றை உறிஞ்சியெடுத்த ஒரு ராட்சதக் குழாயின் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.*

* "குடும்பம் மொத்தமும் படத்தில் விழ வேண்டுமென்று போட்டோக்காரர் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பாரே, அது மாதிரி" என்று எழுதியிருந்தேன். தங்கை அடித்துவிட்டாள். "படமெல்லாம் வராதுண்ணா. ஒரு வளைகோடு வரும். அத வச்சு உள்ள என்ன இருக்குன்னு நாமதான் ஊகிக்கணும்." போட்டோக்காரரை விரட்ட மனசு வரவில்லை. அடிக்குறிப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

3

அந்தக் கற்றையில் மூன்று நாள் கிடைப்பதற்கு அவள் பதினான்கு மாதம் வரிசையில் காத்திருந்தாள். அங்கே கருவியைப் பார்த்துக்கொள்ளும் மனிதரை எல்லோரும் நீளக்குழாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடிக்கும்.

நீளக்குழாயை நான் முதலில் வில்லனாக்கினேன். இரண்டாவது வரைவில் அவருக்கு ஆழமான கண்களைக் கொடுத்து, தங்கையோடு ஒரு மெல்லிய—

அண்ணா, அவருக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. எனக்குப் புருஷன் இருக்காரு. உனக்கே தெரியும், நீதான் பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு காபி வாங்கப் போயி லேட்டா வந்த.

சரி. நீளக்குழாய் நல்லவர். நாள் முழுக்கக் கதவுச் சாவியைத் தேடுவார், கிடைத்ததும் தன்னையே பாராட்டிக்கொள்வார். கதைக்கு இப்படிப்பட்ட ஆளால் ஒரு பயனும் இல்லை, ஆனால் உண்மையில் இருந்து தொலைக்கிறார்.

தங்கையின் ஊகம் இது. பசையில் இருக்கும் பொடிகள் தாறுமாறாக மிதப்பதில்லை. கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, கொத்துக்குக் கொத்து ஏறக்குறைய ஒரே இடைவெளி விட்டு நிற்கின்றன. பசை பிரஷ்மேல் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான். அது உண்மையானால் வளைகோட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மேடு ஒன்று வந்தாக வேண்டும். மூன்று வருடமாக இதையே சொல்லி எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேடு வந்தது. குட்டியாக, ஆனால் வந்தேவிட்டது. அவள் போட்ட கத்தலில் நீளக்குழாய் அப்போதுதான் கண்டுபிடித்த சாவியை மறுபடி தொலைத்தார். திரையைப் படமெடுத்துத் தன் துறைத்தலைவருக்கு அனுப்பினாள். தலைவர் உடனே அதற்குத் "திமில்" என்று பெயர் வைத்து, கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் சொல்லி, அடுத்த மாத மாநாட்டுக்குப் போஸ்டரும் தயாரிக்கக் கொடுத்துவிட்டார்.

4

மூன்றாம் நாள், காலை பதினொன்று. கற்றை இரண்டு மணிக்கு நின்றுவிடும். பாக்கியிருந்தது ஒரே ஓர் அளவைக்கான நேரம். மேடு மாதிரி மெல்லிய சமாசாரம் தெரிய வேண்டுமானால் இரண்டு மணி நேரமாவது எண்ண வேண்டும். மூன்று பசைகளை அளப்பதாக விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்திருந்தாள். இரண்டு முடிந்தது. மூன்றாவது டப்பாவைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் டேப் மண்டையில் உறைத்தது.

இரண்டாம் நாள் காலையில் டப்பாவின் மூடி கசிந்தது. அவசரத்துக்கு இழுப்பறையில் கிடந்த டேப்பை எடுத்து விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். அதன்பிறகு எல்லா டப்பாவுக்கும் டேப். கண்ணாடி டப்பாவும் தன் பங்குக்குக் கொஞ்சம் நியூட்ரானைச் சிதறடிக்கும். அதனால் காலி டப்பாவைத் தனியாக அளந்து, பசையோடு வந்த கணக்கிலிருந்து அதைக் கழிப்பது வழக்கம். அதை முதல் நாளே ஒழுங்காகச் செய்திருந்தாள். ஆனால் அந்தக் காலி டப்பாவில் டேப் இல்லை. டேப்போ அகலம். விளிம்பைத் தாண்டி ஒரு நூலளவு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது, கற்றை போகும் வட்டத்துக்குப் பக்கத்திலேயே. டேப்பின் ஒட்டுப்பசைக்குள்ளும் பொடிப்பொடி உருண்டைகள் உண்டு. அவையும் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கக்கூடிய ஜாதிதான்.

திமில் வந்தது டேப் ஒட்டிய பிறகு.

[இந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்கு மனப்போராட்டம் எழுதியிருந்தேன். உண்மை ஒரு பக்கம், புகழ் ஒரு பக்கம், நடுவில் அவள். தங்கை மொத்தத்தையும் குறுக்கே அடித்து, போனில் கூப்பிட்டாள். "யோசிக்கலண்ணா. பயந்தேன். ரெண்டும் வேற வேற. டேப் ஒட்டுனது யாருக்குமே தெரியாது. யாரும் கேக்கவும் மாட்டாங்க. மூணு வருஷம்ணா..." குரல் கம்மியது இங்கேதான். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.]

மூன்றாவது பசையைப் பெட்டியில் திருப்பி வைத்தாள். ஒரு காலி டப்பாவை எடுத்து, அதே டேப்பை அதே மாதிரி சுற்றினாள். தலைவருக்கு போன் போட்டாள்.

"மூணாவது சாம்பிள் போட்டாச்சாம்மா?"

"இல்ல சார். காலி டப்பா போடப்போறேன்."

"அதான் மொத நாளே போட்டியே?"

"டேப் இல்லாம போட்டேன்."

"என்ன டேப்?"

"ஒட்டுற டேப் சார்."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. "போஸ்டர் அச்சுக்குப் போயிடுச்சும்மா. ஆளுயரத்துக்குத் திமில் போட்டிருக்கேன்."

"தெரியும் சார்."

"அடுத்த வருஷத்துக்கு உன் வேலைய நீட்டிக்கிறதே அந்தத் திமில வச்சுத்தான்."

"அதுவும் தெரியும் சார்."

"டேப்புன்னு வந்துடுச்சுன்னா?"

"வந்துடுச்சுன்னா டேப்தான் சார்."

போனை வைத்த அடுத்த நொடியில் அம்மா கூப்பிட்டாள். அம்மாவுக்கு நேரம் பார்க்கத் தெரியாது.

"சாப்ட்டியாடி? என்ன பண்ற?"

"காலி டப்பாவ அளக்கப்போறேம்மா."

"பதினாலு மாசம் காத்துக் கெடந்து, அவ்ளோ தூரம் போயி, காலி டப்பாவயா அளக்குற? நம்ம வீட்லயே நெறைய இருக்கேடி!"

5

நாலாவது வரைவைப் படித்துவிட்டுத் தங்கை கேட்டாள்: "நீ காலி டப்பாவ அளந்தியாண்ணா?"

"நான் எதுக்கு அளக்கணும்?"

"என்னத் தூக்கிட்டு இந்தக் கதைய எழுதிப் பாரு. அப்பவும் என்ன மிஞ்சுதோ, அது நான் இல்ல, நீ. அதக் கழிச்சிடு."

வேடிக்கையாக இருக்கிறதே என்று செய்துபார்த்தேன். அவள் இடத்தில் ஒரு தபால்காரரை வைத்தேன். "ஜன்னலுக்கு வெளியே மழை. மேசையில் ஆறிய தேநீர். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். எங்கோ ஒரு நாய் குரைத்தது." அடுத்து தபால்காரரையும் தூக்கிவிட்டேன். மழை நிற்கவில்லை. தேநீர் அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது. ஆளே இல்லாத அறையில் பெருமூச்சு கேட்டது. நாய் பாட்டுக்குக் குரைத்தது.

என் பழைய கதைகளை எடுத்துப் பார்த்தேன். பதினேழு கதையில் அதே நாய். இத்தனை வருடமாக அதற்கு ஒருவரும் ஒரு வாய் சோறு போடவில்லை என்பது வேறு உறுத்தியது.

கழித்தேன். பதினோரு பக்கம் மூன்றரைப் பக்கமானது. வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் மழையும் நாயும் போன பிறகும் ஒன்று போகாமல் நின்றது: காலி டப்பாவுக்கு டேப் சுற்றும் அந்தக் கை. அது நிச்சயமாக என்னுடையதில்லை. நானாக இருந்தால் மூன்றாவது பசையை அளந்து, டேப்பைக் குப்பையில் போட்டு, போஸ்டர் பக்கத்தில் நின்று படமும் எடுத்திருப்பேன். என் தங்கை என்னைவிடப் பெரிய ஆள் என்பதை, இந்த வயதில், ஒரு டேப்பை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

6

முடிவுகள்.

அ. காலி டப்பாவின் கோடு வழுவழுவென்று வருகிறது. திமில் பசையுடையதேதான். தலைவர் தனக்கு அப்போதே தெரியும் என்கிறார். வேலை நீள்கிறது.

ஆ. காலி டப்பாவில் திமில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருட ஊகம் ஒரே மத்தியானத்தில் காலி. வேலையும் போகிறது. டேப்பின் உள்கட்டமைப்பை உலகிலேயே துல்லியமாக அளந்தவள் என்ற பெருமை மட்டும் மிச்சம். இனி உறவினர்கள் பார்சல் ஒட்ட அவளைக் கூப்பிடுவார்கள்.

இ. திமிலில் பாதி டேப், பாதி பசை. யாருக்கும் சந்தோஷமில்லை. இதுதான் இலக்கியத்தரமாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு—

"மூணுமே பொருந்துதுண்ணா," என்றாள் தங்கை. "இதுவரைக்கும் நீ எழுதுன எல்லாத்தோடயும் மூணுமே பொருந்துது. எங்க கோடும் இப்படித்தான். எது புடிச்சிருக்கோ அத எடுத்துக்கிட்டா முடிஞ்சுது கத."

"அப்ப உண்மையில என்ன வந்துச்சுன்னு சொல்லித் தொலை."

"மாட்டேன். சொன்னா மொத வரியிலேர்ந்தே அதுக்குத் தகுந்த மாதிரி அழுகையாவோ ஜாலியாவோ மாத்திடுவ. கதை அச்சுல வரட்டும், சொல்றேன்."

கெஞ்சினேன். பெரியப்பா பல் விவகாரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னேன். மசியவில்லை.

7

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பதினொன்றே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினாள். எண்கள் ஏறத் தொடங்கின. கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பட்டப்பகலில், நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனாள்.

இப்போது மணி இரண்டாகப் போகிறது. நீளக்குழாயைச் சாப்பிட அனுப்பிவிட்டேன். அவர் இருந்தால் குட்டை உடைத்துவிடுவார். நானும் இந்த அறையில் இருக்க முடியாது. நான் வந்தால் மழை வந்துவிடும்.

ஆகவே நீங்கள்தான் இருக்கிறீர்கள். எண்ணுவது நின்றுவிட்டது, கோடு திரையில் வரைந்தாகிவிட்டது, நீங்கள் பார்த்தும்விட்டீர்கள். அவளை எழுப்ப வேண்டியதும் நீங்கள்தான். தோளை உலுக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் அடிப்பாள். மெதுவாகக் கூப்பிடுங்கள்.

திரை அவளுக்குப் பின்பக்கம் இருக்கிறது. கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் பார்க்கப்போவது உங்களைத்தான். முகத்தை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?